தாயகம் திரும்பியோரும் வங்கிக் கணக்கும்

இலங்கையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் 1960களிலும் அதன் பின்னரும் தமிழகம் வந்து சேர்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள், அரசு ஆவணங்களில் 'தாயகம் திரும்பியோர்' எனப்பட்டனர். அவர்களுள் பலர், குறிப்பாக இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆகவே 'திரும்புதல்' என்ற சொல் அவர்களுக்கு முழுவதும் பொருந்தாது. உண்மையில் அவர்கள் ஒரு புதிய நாட்டில் குடியேறினர். வீடு, வேலை ஆகியவற்றோடு, கொண்டுவந்த சிறு பணத்தை எங்கே வைப்பது, தொழில் தொடங்க யாரிடம் கடன் கேட்பது என்பதும் அவர்களுடைய முதல் கவலைகளுள் ஒன்றாயிற்று.

பர்மாவிலிருந்து வந்தவர்கள்

தமிழரின் கடல் கடந்த வாழ்க்கைக்கும் வங்கித் தொழிலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. கடலின் இரு கரையிலும் பணம் வைத்திருந்தவர்களுக்கு அது பெரும் வசதி. அந்த வசதி கால் நூற்றாண்டே நீடித்தது. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1963 பிப்ரவரியில் அங்கிருந்த தனியார் வங்கிகள் அனைத்தும் நாட்டுடைமையாயின. 1964 மார்ச்சில் கடைகளும் அரசின் கைக்குப் போயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தியவர்கள் வெறுங்கையோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய கதை இதுதான். ஒரு நாட்டில் கணக்கு இருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது என்பதை அவர்கள் மிகுந்த விலை கொடுத்துக் கற்றனர்.

இலங்கையிலிருந்து வந்தவர்கள்

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்வதைப் பற்றியது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதியுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்று ஏற்பாடு. சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கலந்து பேசவில்லை.

பணத்தைப் பற்றியும் அவ்வொப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. வருபவர்கள் தங்கள் சேமலாப நிதி, பணிக்கொடை உட்பட்ட உடைமைகளைக் கொண்டுவரலாம். ஒரு குடும்பம் கொண்டுவர அனுமதிக்கப்படும் உச்ச அளவு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படக் கூடாது. இதைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 4,000 ரூபாய் தரப்படும் என்று விதி சொல்லவில்லை. கொண்டுவர இருந்தால் அதுவரையாவது தடுக்கமாட்டோம் என்றே சொல்கிறது. லயன் அறைகளில் வாழ்ந்து நாட்கூலி பெற்றவர்களுக்குச் சேமலாப நிதிதான் வாழ்நாள் சேமிப்பு.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டனர். அவர்கள் கையில் இருந்த முக்கியமான தாள், இந்தியத் தூதரக அலுவலகம் வழங்கிய 'குடும்ப அட்டை'. ரேஷன் கடையில் தரும் அட்டை வேறு, இது வேறு. குடும்பத்தில் யார் யார், எந்த மாவட்டம் செல்கிறார்கள், என்ன மறுவாழ்வு உதவி என்ற விவரங்கள் இதில்தான் இருந்தன.

சொந்த ஊர் எது?

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தை உதாரணமாகக் கொள்ளலாம். இப்பகுதி 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. பாட்டன் காலத்தில் 'திருநெல்வேலி ஜில்லா' என்று சொல்லிப் புறப்பட்ட குடும்பத்தின் பேரன் 1970களில் வந்தால், அதே ஊர் வேறு மாவட்டத்தில் இருக்கும். ஊரில் நிலம் இராது. அடையாளம் சொல்லும் உறவினரும் இல்லாமல் போயிருக்கலாம்.

இங்கேதான் வங்கி வாசல் உயரமாகிறது. அக்காலத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்க, அதே கிளையில் ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் 'இவரை எனக்குத் தெரியும்' என்று அறிமுகக் கையொப்பம் இட வேண்டும். நிலையான முகவரியும் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் புகைப்படமும் கைநாட்டும் தந்து கணக்கு தொடங்கலாம். ஆனால் அவருக்கும் அறிமுகம் தேவை. நேற்று கப்பலில் வந்தவரை இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? கடன் என்றால் இன்னும் கடினம். ஈடு காட்ட நிலமோ ஜாமீன் கையெழுத்துப் போட ஆளோ வேண்டும். அரசு அறிவித்த வியாபாரக் கடனை வாங்கித் தருவதாகச் சொல்லி இடைத்தரகர்கள் நுழைந்ததற்கும் இதுவே காரணம். கடை நடத்திப் பழகாத தோட்டத் தொழிலாளரிடம் வியாபாரக் கடனைக் கொடுத்தது திட்டத்தின் குறைதான். அந்தப் பணம் பலருக்குச் சில மாதம்கூட நிற்கவில்லை.

ரெப்கோ வங்கி

1969 ஜூலை 19 அன்று இந்தியாவின் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. நான்கு மாதம் கழித்து, நவம்பர் 19 அன்று, தாயகம் திரும்பியோருக்கென்றே சென்னையில் ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கப்பட்டது. தாயகம் திரும்பியோர் கூட்டுறவு நிதி மற்றும் வளர்ச்சி வங்கி என்பது அதன் முழுப்பெயர்; மக்கள் அறிந்த பெயர் 'ரெப்கோ வங்கி'. இந்திய அரசும் தென் மாநில அரசுகளும் பங்கு மூலதனம் இட்டன. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள் உறுப்பினராயினர். வேறு வங்கியில் அந்நியராக நின்றவர் இங்கே பங்குதாரராக உள்ளே வந்தார். வெளியூர் ஆள் என்று மற்ற இடங்களில் தடையாக இருந்த அதே நிலை, இங்கே உறுப்பினராவதற்குத் தகுதியாயிற்று.

ஒரு வங்கியால் எல்லாரையும் எட்ட முடியவில்லை. நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் தோட்டத் தொழில் அறிந்தவர்களுக்கு அதைவிட நேரடியாக உதவியது. நூற்பாலைகளிலும் சிலருக்கு வேலை கிடைத்தது. ஆயினும் ரெப்கோ நிலைத்துவிட்டது. இன்று அது பல மாநிலக் கூட்டுறவுச் சங்கமாகத் தென்னிந்தியாவில் இயங்குகிறது. வீட்டுக் கடனுக்கென 2000இல் தனி நிறுவனமும் தொடங்கியது. தாயகம் திரும்பியோர் நலனுக்கான அறக்கட்டளை மூலம் அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் கிடைக்கிறது.

1983க்குப் பின் போரினால் வந்தவர்களின் நிலை வேறு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் அருகே மொட்டமலையில் உள்ளது போன்ற முகாம்களில் வாழும் அவர்களுள் மலையகத் தமிழரும் இருக்கின்றனர். 2021இல் தமிழக அரசு இவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. ஒப்பந்தத்தின்படி வந்தவர் இந்தியக் குடிமகனாக இறங்கினார். அவருக்கு இல்லாதது அறிமுகம் மட்டுமே. முகாமில் இருப்பவருக்கு ஊரில் 30, 40 ஆண்டு அறிமுகம் இருக்கிறது, குடியுரிமை இல்லை.