செமோர் வட்டாரத் தோட்டங்களும் ஒரு பேஸ் கித்தாரும்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் குடியேற்றம், தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி, இலக்கியம் ஆகியவற்றிற்குப் போதிய இடம் அளித்துள்ளனர். தோட்டப்புறக் கலைகளைப் பேசுமிடத்தும் காமன்கூத்து, உறுமிமேளம், மேடை நாடகம் ஆகியவையே முன்னிற்கின்றன. மின்கித்தாரும் டிரம்ஸும் கொண்டு திருவிழா மேடைகளில் திரைப்பாடல் இசைத்த தோட்ட இளைஞர்களைப் பற்றிய குறிப்புகள் அரியன. அவர்களுள் எஞ்சியோர் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள். இசைக்குறிப்பு எழுதிவைக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்ததில்லை. அவர்தம் விரல்களே ஆவணம். ஆதலின், செமோர் வட்டாரத்தை முன்வைத்து, அக்குழுக்களில் எவரும் பெரிதும் கவனியாத பேஸ் கித்தாரை இங்கு ஆராய முற்படுகிறோம்.

இக்கருவி வயதில் இளையது. 1930களில் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பால் டட்மார்க் என்பார் இதன் முன்னோடி வடிவத்தைச் செய்தார், அது பரவவில்லை. 1951இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸே உலகெங்கும் சென்றது. ஆளுயர டபுள் பேஸ் செய்த பணியைத் தோளில் தொங்கும் கருவி ஏற்றுக்கொண்டது. 34 அங்குல நீளமுள்ள அதன் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று ச–ம இடைவெளியில் சுருதி சேர்க்கப்படும். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்திய பின்னர், மலாயா இளைஞரிடையே கித்தார்க் குழுக்கள் பெருகின. மலாய் மொழியில் இவை 'குகிரான்' எனப்பட்டன. பினாங்கில் தோன்றிய அல்லிகேட்ஸ் குழுவின் ஆறுமுகம் சகோதரர்களாகிய டேவிட்டும் லோகநாதனும் (மறைவு 2007) மலாய்ப் பாடல்களால் நாடறிந்தோர் ஆயினர். தமிழ்ப் பாடல்களை இசைத்த தோட்டக் குழுக்களுக்கு அத்தகைய புகழ் வாய்க்கவில்லை.

செமோர், ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் செல்லும் வழியில் உள்ள சிற்றூர். ஈய லம்பங்களும் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த நிலம் அது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960இல்தான் அது முடிவுற்றது. ஊரடங்கு நிலவிய காலத்தில் இரவு நிகழ்ச்சிக்கு எங்கே இடம்? அடுத்து வந்த தலைமுறைக்குக் கோயில் திருவிழாவின் இரவு மேடை எத்துணைப் பெரிய விடுதலை என்பதை இப்பின்னணியில் வைத்தே உணர இயலும்.

செமோரை அடுத்த ஒரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளராயிருந்த முதியவர் ஒருவரை நாம் நேர்கண்டோம். 1970களின் தொடக்கத்தில் ஈப்போவில் பழைய விலைக்கு வாங்கிய பேஸ் கித்தாரை அவர் இன்றும் வைத்துள்ளார். அதன் தலைப்பகுதியில் நிறுவனப் பெயர் தேய்ந்துவிட்டது. காலையில் மரம் வெட்டிப் பால் எடுத்து, பிற்பகலில் லயத்து வாசலில் பழகியதாகக் கூறினார். மின்சாரமின்றிப் பழகியதால் ஒலி அவருக்கே அரிதாய்த்தான் கேட்கும். உடற்பகுதியின் விளிம்பில் தாடையை ஊன்றி, அதிர்வை எலும்பின் வழியே அறிவாராம்.

பாடலைக் கற்ற முறை இன்னும் சுவையானது. பேஸ் கித்தாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள் உடையது. சிறிய வானொலிப் பெட்டியின் ஒலிவாய் அத்தாழ்ந்த ஒலியைத் தராது. அதன் மேற்சுரங்களே செவிக்கு எட்டும். எனவே அவர் பாதி கேட்டு, பாதி ஊகித்து வாசித்தார். 1976இல் 'அன்னக்கிளி' வழியாக அறிமுகமான இளையராஜா, பேஸ் கித்தாருக்குத் தனித்ததோர் எதிர்மெட்டை எழுதும் வழக்கத்தை வளர்த்தார். சென்னையில் அவற்றைச் சசிதரன் போன்றோர் வாசித்தனர். ஈப்போ இசைத்தட்டுக் கடையின் பெரிய ஒலிபெருக்கியில் அப்பாடல்களை முதன்முதலாக முழுமையாகக் கேட்ட நாளில், தாம் அதுகாறும் ஊகித்தவற்றுள் சில பிழை என்று கண்டாராம். சிலவற்றை வேண்டுமென்றே திருத்தாது விட்டதாகவும் சொன்னார். இதனை வெறும் போலச்செய்தல் என ஒதுக்குதல் பொருந்தாது என்பது நம் கருத்து.

பின்னர் ரப்பர், செம்பனைக்கு வழிவிட்டது. தோட்டக் குடும்பங்கள் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. 1983இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 முதலான மின்விசைப்பலகைகள் பரவியபின், பேஸ் பகுதியை ஒருவர் இடக்கையாலேயே வாசித்துவிட முடிந்தது. குழுவில் முதலில் இடம் இழந்தவர் பேஸ் கலைஞரே. அக்கருவி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அலமாரியின்மேல் கிடந்தது.

பேரன் ஒருவன் தூசு தட்டி இறக்கியதால் அதற்கு மறுவாழ்வு கிட்டியது. தந்திகள் துருவேறியிருந்தன, ஒலியளவுக் குமிழைத் திருகினால் கரகரப்பு, ஈரக் காற்றில் கழுத்துப் பகுதி சற்றே வளைந்திருந்தது. புதுத் தந்தி பூட்டி, கழுத்தின் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை முறுக்கி நேர்செய்த பின், அவர் நாள்தோறும் ஒரு மணி நேரம் வாசிக்கிறார். இப்போது அவரிடம் நல்ல ஒலிபெருக்கியும் உண்டு. இளமையில் எலும்பால் கேட்டதைச் செவியால் கேட்கும் மகிழ்ச்சியை அவர் மறைக்கவில்லை.

நம் வினாநிரல் அவரிடம் பயன்படவில்லை. எந்த ஆண்டு, எந்தத் திருவிழா, எந்தப் பாடல் என்று கேட்டபோது பெரும்பாலும் நினைவில்லை என்றார். கித்தாரைக் கையில் தந்தபின் பாடலின் தொடக்கம் விரலில் வந்தது. அதனைத் தொடர்ந்து பாடியவர் பெயரும், மழையில் பந்தல் சரிந்த இரவும் வந்தன. ஒரே பிற்பகலில் 14 பாடல்களின் பேஸ் பகுதிகளைப் பதிவுசெய்தோம். அவற்றுள் மூன்று, திரைப்பதிவிலிருந்து வேறுபட்டவை. அவ்வட்டாரத்தின் பிற குழுவினரையும் இம்முறையிலேயே, கருவியோடு சென்று பதிவுசெய்யத் தொடங்கியுள்ளோம்.