ஈய அரசனும் 42,088 குண்டுகளும்

பொறுக்க முடியாத சொல்லைக் கேட்டவன், ‘காதிலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல இருந்தது’ என்பான். இது நம்மவர் நாவிலே நெடுங்காலமாகப் புழங்கிவரும் உவமை. பொன்னையோ இரும்பையோ சொல்லாமல் ஈயத்தைச் சொன்னதற்குக் காரணம் இருக்கின்றது. வீட்டு அடுப்பிலேயே உருகக்கூடிய உலோகம் அது. செம்பை உருக்க 1,085 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். காரீயத்துக்கு 327 பாகையே போதும். உலைக்களமும் துருத்தியும் இல்லாத ஒரு குடும்பம்கூட ஈயத்தை உருக்கி அச்சிலே வார்த்துவிடலாம். இந்தச் சிறிய பௌதிக உண்மை ஒரு நாட்டின் விடுதலைப் போரிலே எவ்வாறு இடம்பெற்றது என்பதையே, நேயர்களே, இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

கதை நியூயோர்க் நகரிலே தொடங்குகின்றது. பிரித்தானியா விதித்த முத்திரை வரிக்கு அமெரிக்கக் குடியேற்றங்களிலே கடும் எதிர்ப்பு எழுந்தது. 1766 ஆம் ஆண்டு அவ்வரி நீக்கப்பட்டது. மகிழ்ச்சியடைந்த நியூயோர்க் சட்டசபையினர், நன்றிக்கடனாக மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்குச் சிலை எடுக்கத் தீர்மானித்தனர். இலண்டன் சிற்பி ஜோசப் வில்டன் அதனைச் செய்தார். பண்டைய உரோமப் பேரரசர் மார்க்கஸ் ஒரேலியஸின் சிலையைப் போன்று, குதிரைமேல் அமர்ந்த கோலத்தில் மன்னர் வடிக்கப்பட்டார். சிலை ஈயத்தாலானது, மேலே பொன்முலாம் பூசப்பட்டது. நிறை ஏறத்தாழ 4,000 றாத்தல். 1770 ஆம் ஆண்டு அது நகரின் தென்முனையிலுள்ள போலிங் கிறீன் என்னும் சிறு பூங்காவிலே நிறுவப்பட்டது.

நன்றியுணர்ச்சி ஆறு ஆண்டுகளே நிலைத்தது. 1776 ஜூலை 9 ஆம் திகதி மாலை, ஜோர்ஜ் வோஷிங்டனின் படைவீரர்கள் முன்னிலையில் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. கேட்டுக் கொதித்தெழுந்த கூட்டம் பூங்காவுக்கு விரைந்து, கயிறு கட்டி இழுத்து, மன்னரையும் குதிரையையும் மண்ணிலே வீழ்த்தியது. மறுநாள் வோஷிங்டன் விடுத்த கட்டளையிலே, இச்செயல் ஒழுங்கற்ற கலகம் போலத் தோன்றுவதாகவும், இத்தகைய காரியங்களை உரிய அதிகாரிகளிடமே விட்டுவிட வேண்டுமெனவும் கண்டித்தார். தளபதிக்கு ஒழுங்கு பெரிது. கூட்டத்துக்குக் கோபம் பெரிது. ஆனால் இரு தரப்பினருக்கும் அந்த வேளையிலே இன்றியமையாததாக இருந்தது ஈயம்.

போர் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. வெடிமருந்துக்கும் ஈயத்துக்கும் பெரும் பஞ்சம். நியூயோர்க்கிலே வீட்டுச் சாளரங்களை ஏற்றி இறக்கும் ஈய எடைகளைக்கூடக் கழற்றிச் சேகரித்தார்கள். இந்த நிலைமையில் 4,000 றாத்தல் ஈயம் ஒரே இடத்தில் கிடைப்பதென்றால் எத்தகைய பேறு! துண்டாக்கப்பட்ட சிலை கப்பலிலே கொனெக்ரிகட் கரைக்கும், அங்கிருந்து மாட்டு வண்டிகளிலே லிச்பீல்ட் என்னும் உள்நாட்டு ஊருக்கும் கொண்டுசெல்லப்பட்டது. ஆனால் முழுச் சிலையும் போய்ச் சேரவில்லை. மன்னரின் தலையை அரச விசுவாசிகள் மீட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினர். வேறு சில துண்டுகள் வழியிலே களவாடப்பட்டுச் சதுப்பு நிலத்திலே புதைக்கப்பட்டன. குதிரையின் வால் உட்பட அவற்றுட் சில பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வெளிவந்து, நியூயோர்க் வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பிலே இடம்பெற்றன.

லிச்பீல்டிலே இந்த ஈயத்தைப் பொறுப்பேற்றது ஒலிவர் வோல்கொட் என்பவரின் இல்லம். அவர் படைத்தலைவர்; சுதந்திரப் பிரகடனத்திலே பின்னர் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர். வீட்டுப் பழத்தோட்டத்திலே கொட்டகை அமைத்து, தந்தை கோடரியால் சிலைத் துண்டுகளை வெட்டியதை மகன் பிரெடெரிக் பிற்காலத்திலே நினைவுகூர்ந்ததாகச் சொல்லுவர். அதற்குப் பின்னர் வேலை பெண்களின் கைக்கும் பிள்ளைகளின் கைக்கும் மாறியது.

அந்த வேலை எத்தகையது? பார்ப்பதற்குச் சுலபமானது. குறடு போன்ற அச்சு. அதன் இரு தாடைகளிலும் அரைக்கோளக் குழிகள். மூடினால் உள்ளே ஓர் உருண்டை வெளி. மேலேயுள்ள சிறு வாயின் வழியாக உருகிய ஈயத்தைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். இறுகியதும் அச்சைத் திறந்து குண்டைத் தட்டி விழுத்தி, ஊற்றுவாயிலே எஞ்சிய வாலை வெட்டி எறிய வேண்டும். இவ்வளவுதான். ஆனால் புதிய அச்சொன்றைக் கையிலெடுத்தவன் முதல் நாழிகையிலேயே சலித்துப்போவான். குளிர்ந்த அச்சிலே ஊற்றிய ஈயம் குழியை நிரப்புமுன்னரே உறைந்துவிடும். குண்டு கிழவரின் கன்னம்போலச் சுருங்கிக் கிடக்கும். அச்சைச் செய்தவன் பூசிய எண்ணெயோ கொழுப்போ குழியிலே எஞ்சியிருந்தால் அது ஆவியாகிக் குண்டிலே பள்ளம் விழுத்தும்.

ஆகையால் அனுபவசாலிகள் முதலிலே அச்சை நன்றாகத் துடைப்பார்கள். மெழுகுவர்த்திச் சுடரிலே காட்டிக் குழிக்குள் மெல்லிய புகைக்கரி படியவிடுவார்கள். பின்னர் பத்து இருபது குண்டுகளை வார்த்துப் பார்த்து, அவை எல்லாவற்றையும் மீண்டும் சட்டியிலே போடுவார்கள். அந்த முதற் குண்டுகள் வீணானவையல்ல. அவை அச்சைச் சூடாக்கும் கூலியாட்கள். அச்சு உரிய சூட்டுக்கு வந்ததும் குண்டுகள் வழவழவென்று முழுமையாக விழத் தொடங்கும். அதன்பின் வேலையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அச்சு ஆறிவிடும். மிதமிஞ்சிய வேகமும் கூடாது. அச்சு அளவுக்கு மீறிக் காய்ந்தால் குண்டு இறுகத் தாமதமாகும், மேற்பரப்பும் வெளிறிச் சொரசொரப்பாகும். ஒரே சீரான தாளமே இந்தத் தொழிலின் இரகசியம்.

ஆபத்தும் உண்டு. உருகிய ஈயத்தினுள்ளே ஈரம் புகுந்தால் அது கணத்திலே நீராவியாகி, ஈயத்தை நாற்புறமும் வாரி வீசும். ஈரமான கரண்டி ஒன்றே கண்ணைப் பறிக்கப் போதும். ஈயத்தூளும் புகையும் உடலிலே சேர்வது, குறிப்பாகச் சிறுவர்களுக்கு, எவ்வளவு தீங்கானது என்பதை இன்றைய மருத்துவம் திட்டவட்டமாகச் சொல்லுகின்றது. பழத்தோட்டத்துக் கொட்டகையிலே இருந்தவர்களுக்கு அந்த அறிவும் இல்லை, அதற்கு அவகாசமும் இல்லை.

இந்த உழைப்பைப் பற்றி நாம் அறிந்துகொள்ள உதவுவது ஒரு கணக்குத் தாள். வோல்கொட் குடும்பத்தாரிடம் பேணப்பட்ட அந்தத் தாளிலே உணர்ச்சிச் சொல் ஒன்றுமில்லை. பெயர்களும் எண்களுமே உள்ளன. திருமதி மார்வின் 6,058. றூத் மார்வின் 11,592. வோல்கொட்டின் மூத்த மகள் லோறா 8,378. இளையவள் மேரி ஆன் 10,790. மகன் பிரெடெரிக் 936. திருமதி பீச் 1,802. வேறு பலர் சேர்ந்து வார்த்தவை 2,182. ஊர்ப் படைக்குக் கொடுத்தவை 50. கேணல் விக்கிள்ஸ்வேத்தின் படையணிக்குக் கொடுத்தவை 300. ஆக மொத்தம் 42,088 குண்டுகள்.

கூட்டிப் பாருங்கள், நேயர்களே, கணக்குப் பிசகவில்லை. பெயர் சொல்லி வார்ப்புக் கணக்கு எழுதப்பட்டவர் அறுவர். அவர்களுள் ஐவர் பெண்கள். ஆறாமவன் பிரெடெரிக்குக்கு அப்போது எட்டு வயது. மேரி ஆனுக்குப் பதினொன்று. அக்காலத்துத் துப்பாக்கிகளின் அளவுக்கேற்ப, ஒரு றாத்தல் ஈயத்திலே பதினான்கு முதல் இருபது வரையான குண்டுகள் வார்க்கலாம். அந்தக் கணக்கின்படி, ஏறத்தாழ 2,100 முதல் 3,000 றாத்தல் வரையான ஈயம் இவர்களுடைய கரண்டிகளின் வழியாகப் பாய்ந்திருக்கின்றது. நிமிடத்துக்கு இரண்டு குண்டுகள் என்று வைத்துக்கொண்டாலும், றூத் மார்வின் என்னும் பெண் 97 மணித்தியாலம் அச்சைத் திறந்து மூடியிருக்க வேண்டும். நெருப்பு மூட்டியதும், சட்டியைக் காய்ச்சியதும், வாலை வெட்டியதும் அந்தக் கணக்கிலே சேரா.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும. பென்சில்வேனியாவின் கைவினைஞர் செய்த நீண்ட துப்பாக்கிகளின் குழாய்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. எனவே ஒவ்வொரு துப்பாக்கியோடும் அதற்கே உரிய அச்சையும் செய்து கொடுப்பார்கள். படைவீரரின் பொதுத் துப்பாக்கிக்கோ குழாயைவிடச் சற்றுச் சிறிய குண்டு போதும். வெடிமருந்தின் கரி படிந்த குழாயினுள்ளும் அது தடையின்றி இறங்க வேண்டும். ஆயினும் குண்டு அரைகுறையாக வார்க்கப்பட்டிருந்தால் குறி தவறும். பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் குழாயிலே சிக்கும். சிக்கிய துப்பாக்கியோடு களத்திலே நிற்பவன் உயிரைப் பணயம் வைத்தவன். முகம் தெரியாத அவனுடைய உயிர், லிச்பீல்டிலே ஒரு சிறுமி தன் அச்சைச் சூடு குறையாமல் வைத்திருந்தாளா என்பதிலே தங்கியிருந்தது.

நம் மரபிலே சிற்பிகள் மெழுகிலே உருவம் சமைத்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெளியிலே உலோகத்தை வார்ப்பார்கள். ஆறியபின் மண் கருவை உடைத்தே திருவுருவத்தை எடுக்க வேண்டும். ஒரு கருவிலே ஓர் உருவந்தான், இரண்டாவது இல்லை. குண்டு அச்சின் இயல்போ இதற்கு நேர்மாறானது. அது உடைவதில்லை, ஆயிரம் முறை திறந்து மூடினாலும் ஒரே உருவத்தையே ஈன்றுகொண்டிருக்கும். ஒன்றேயொன்றாக நின்ற மன்னர் சிலை, ஒன்றுக்கொன்று வேற்றுமையற்ற நாற்பத்தீராயிரம் உருண்டைகளாக மாறியதிலே ஓர் அரசியல் உட்பொருளும் உண்டு. முடியாட்சியின் தனிப்பெருமை, பெயரற்ற பலரின் கைகளிலே பங்கிடப்பட்டுவிட்டது.

அந்தக் குண்டுகள் எங்கே போயின? 1778 ஜூன் 28 ஆம் திகதி நியூ ஜேர்சியிலே மொன்மத் போர் நடந்தது. அக்களத்து மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட குண்டுகளை அண்மைக் காலத்திலே ஊடுகதிர்க் கருவியால் ஆராய்ந்தவர்கள், அவற்றுட் சிலவற்றின் உலோகச் சேர்மானம் மன்னர் சிலையின் துண்டுகளோடு ஒத்திருப்பதாக அறிவித்துள்ளனர். மன்னரின் படைமீதே மன்னரின் உருவம் எறியப்பட்டது என்பது கேட்கச் சுவையான செய்தி. 1776 ஆம் ஆண்டிலேயே இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் இருந்தார்கள். எனினும் அந்த ஈயம் பாய்ந்தது மன்னரின் உடலிலே அன்று. கூலிக்கு வந்த ஏழைச் சிப்பாய்களின் உடலிலே. அவர்களுக்கும் எங்கோ ஒரு வீட்டிலே எட்டு வயதுப் பிள்ளை இருந்திருக்கும். போரின் கணக்கை எழுதுவோர் இந்தப் பக்கத்தையும் கூட்டவேண்டும்.

சிலையை வீழ்த்திய காட்சியைப் பிற்காலத்து ஓவியர் பலர் தீட்டினர். கயிற்றை இழுக்கும் ஆண்களே அந்த ஓவியங்களிலே நிறைந்திருக்கின்றார்கள். அது ஒரு மாலைப் பொழுதின் வேலை. சிலையைக் குண்டாக்கியதோ பல நாட்களின் வேலை. அதனை எவரும் அதே ஆரவாரத்தோடு தீட்டவில்லை. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, சிறுவனின் 936 ஐயும் விட்டுவிடாமல், ஆளுக்கு ஆள் எண்ணி எழுதிவைத்தபடியால் அவர்களுடைய பெயர்கள் நமக்குக் கிடைத்தன. போர்க் காலங்களிலே வீட்டுக்குள்ளே நிகழும் இத்தகைய உழைப்புகள் பெரும்பாலும் எழுதப்படாமலே மறைகின்றன. நம் வீட்டு மூத்தவர்களிடம் இப்படிப்பட்ட கணக்குகள் இன்னும் நினைவிலே இருக்கக்கூடும். அவர்கள் சொல்லும்போது, பெயரையும் எண்ணையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.