களரியின் நடுவில் நின்றவர் யார்?



அதிகாரத்தைச் சொல்லாமல் காட்டுவது எப்படி? மாணவர் எடுக்கும் குறும்படங்கள் பலவற்றைப் பார்க்கையில் எழும் வினா இது. அதிகாரி அதட்டுகிறார், முதலாளி உறுமுகிறார். குரல்தான் உயர்கிறது, அதிகாரம் தெரிவதில்லை. பாத்திரம் நிற்கும் இடம், காட்சியின் சட்டகம், அதில் விழும் ஒளி ஆகிய மூன்றும் செய்ய வேண்டிய வேலையை வசனத்தின் தலையில் சுமத்திவிடுகிறோம். இம்மூன்றையும் கற்பதற்கான பாடம், கதிரவெளி தொடங்கித் தெற்கே நீளும் மட்டக்களப்பின் கூத்து வரலாற்றிலேயே உண்டு.

வடமோடிக் கூத்தில் அரசன் வரவை நினைத்துப் பாருங்கள். முதலில் கட்டியகாரன் வந்து அரசன் வரும் சேதி சொல்வான். பின்னரே அரசன் தோன்றுவான். கரப்புடுப்பு அவன் உடலை அகலமாக்கும், முடி உயரமாக்கும். ஆனால் வட்டக்களரியைச் சுற்றி நாற்புறமும் சனங்கள். ஒருவருக்கு முகம் காட்டினால் இன்னொருவருக்கு முதுகு. ஆகவே அவன் சுற்றிச் சுற்றி ஆடியே தன் அரசை நிலைநாட்ட வேண்டும். அன்று தீப்பந்தமும் பின்னாளில் பெற்றோமக்ஸ் விளக்கும் அரசனுக்கும் சேவகனுக்கும் ஒரே ஒளியைத்தான் கொடுத்தன. களரியின் நடுவிலோ மத்தளத்துடன் அண்ணாவியார். அரசனே ஆனாலும் அவரைச் சுற்றித்தான் ஆட வேண்டும்.

1956இல் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்கில் புதுவழி திறந்தது. அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்தை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். 1962இல் 'கர்ணன் போர்' வந்தது. பின்னர் வந்த 'இராவணேசன்' நாடகத்தை எழுதி, இராவணனாகவும் ஆடியவர் அன்று மாணவராயிருந்த மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு. விடிய விடிய ஆடிய கூத்து சில மணி நேரத்துள் சுருங்கிற்று. நாற்புறப் பார்வை ஒருபுறப் பார்வையாயிற்று.

இந்த மாற்றத்தால் வந்த பேறு பெரிது. படச்சட்ட மேடையில் நடுவும் ஓரமும் உண்டு. மேடும் பள்ளமும் அமைக்கலாம். மின்னொளியால் ஒருவனைத் தனிமைப்படுத்தலாம். மகனை இழந்தும் போருக்குப் புறப்படும் மன்னனின் வீழ்ச்சியைச் சொல்ல இவை ஏற்ற கருவிகள். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. சட்டகம் வந்ததும் அண்ணாவியார் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தார். கூத்தைக் காத்துத் தந்தவரின் இடத்தையே அது மாற்றிவிட்டது.

சினிமாவும் இதைத்தான் செய்கிறது. ஓர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' (1941) படத்தில் ஒரு காட்சி. முன்னே மேசையில் தாயும் வங்கிக்காரரும் பத்திரத்தில் ஒப்பமிடுகின்றனர். சற்றுப் பின்னே தந்தை வலுவிழந்து நிற்கிறார். தூரத்தில், யன்னலின் சிறு கட்டத்துள், பனியில் விளையாடுகிறான் மகன். அவன் வாழ்வு அங்கே தீர்மானிக்கப்படுகிறது, அவனுக்கோ தெரியாது. யார் கையில் அதிகாரம் என்று எவரும் சொல்லவில்லை. நிற்கும் இடங்களே சொல்லிவிடுகின்றன.

கமரா பிடிக்கும் நம் பிள்ளைகள் வசனம் எழுதுமுன் ஒரு தாளில் வட்டம் போடட்டும். நடுவில் யார், ஓரத்தில் யார், வெளிச்சம் யார் முகத்தில் என்று குறிக்கட்டும். சட்டகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்பதையும் மறவாது குறிக்கட்டும். சொல்ல வேண்டிய கதை பல வேளைகளில் அவரிடமே இருக்கிறது.