தோலும் பித்தளையும்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் மேள மரபு – ஒரு வரலாற்று நோக்கு

மலேசியத் தமிழரின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நகரக் கோயில்களின் நாகசுவரத்திலிருந்தும் இசைச் சபைகளின் கச்சேரிகளிலிருந்தும் தொடங்குகின்றனர். தோட்டப்புறத்தில் ஒலித்த தப்பும் உறுமியும் அவ்வரலாற்றில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகின்றன. இந்நாட்டுத் தமிழருள் பெரும்பான்மையோர் பல தலைமுறைகளாகப் பிறப்புக்கும் இறப்புக்கும் திருவிழாவுக்கும் கேட்டு வந்த இசை எதுவென வினவினால் இந்த வரிசை தலைகீழாகிவிடும். பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை நிலைக்களனாகக் கொண்டு, அத்தோட்ட மேளத்தின் வரலாற்றை இங்கு நோக்க முற்படுகிறோம்.

நம் ஆய்வுக்கு ஒரு வினா தூண்டுகோலாக அமைந்தது. தமிழகத்துச் சிற்றூர்களில் இருபதாம் நூற்றாண்டில் பேண்டு வாத்தியம் திருமண ஊர்வலத்துக்கும் இறுதி ஊர்வலத்துக்கும் உரிய ஒன்றாகப் பரவியது. அதே மக்களின் உறவினர் குடியேறிய மலாயாத் தோட்டங்களிலோ, தோட்டத்தின் அடையாளமாக நிலைபெற்றது பித்தளை அன்று, தோல். இது ஏன்?

தமிழருக்கு மேனாட்டுப் பேண்டு புதியதன்று. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் தம் அரண்மனையில் மேனாட்டு வாத்தியக் குழுவொன்றைப் பேணினார். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலப் படையினரின் பேண்டு மெட்டுகளுக்குச் சமற்கிருத சாகித்தியம் அமைத்தார். அவை 'நோட்டுசுவரம்' எனப் பெயர்பெற்றன. கிளாரினெட்டு சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்து, பின்னர்த் தனிக் கச்சேரி மேடையையும் பெற்றது. இக்கருவிகளுக்கு ஒரு வசதி இருந்தது. இறந்த விலங்கின் தோலைத் தொடுவது தீட்டு என்னும் கருத்து பித்தளையைத் தீண்டவில்லை. சீருடை அணிந்து பித்தளைக் குழல் ஊதுபவனை இன்னார் மகன் என உடனே அடையாளம் காண இயலாது. தப்பு அடிப்பவனுக்கு அந்த மறைப்பு இல்லை.

இனி மலைக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இப்பகுதியைக் குறித்தார். மலைவாழிடமாக இதனை வளர்க்கும் திட்டம் 1925இல் உருப்பெற்றது. 1930களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை அமைந்தது. 1929இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணைநின்ற ஏ. பி. மில்ன் இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகியவர். 1933இல் வட இந்தியக் குடும்பம் ஒன்று பாரத் தோட்டத்தை நிறுவியது. காட்டை அழித்தவரும் கன்று நட்டவரும் கொழுந்து பறித்தவரும் பெரும்பாலும் தமிழர்.

இங்கு இரண்டு ஆண்டுகளை இணைத்துக் காண வேண்டும். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் நீக்கப்பட்டது. உடலுழைப்புத் தொழிலாளர் உதவிபெற்று மலாயாவுக்கு வருவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. எனவே கேமரன் மலைத் தோட்டங்கள் தொடங்கிய காலத்துக்கும் தமிழகத்திலிருந்து ஆள்வரவு நின்ற காலத்துக்கும் இடைப்பட்டது பத்தாண்டுகூட இல்லை. நேரே வந்தோரும், சமவெளி இரப்பர்த் தோட்டங்களிலிருந்து மலையேறியோரும் கொண்டுவந்த அடிகளே இம்மலையின் இசைமுதல். அதன்பின் ஊரிலிருந்து புதிய வாத்தியக்காரர் வருவது அரிதாயிற்று. தந்தை அடித்ததை மகன் கேட்டுப் பழகியதே இங்குப் பள்ளியாயிற்று. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தமையால், தப்படிக்கத் தெரிந்தவர்கள் தனியராக அன்றிக் குழுவாகவே வந்திருத்தல் இயல்பு. பித்தளைக் கருவிக்கு விலை உண்டு, ஆசிரியரும் வேண்டும். தப்புக்கு மரச்சட்டமும் தோலும் போதும்.

தேயிலைக்கும் தப்புக்கும் உள்ள உறவு இலங்கை மலையகத்தில் தெளிவாகத் தெரிகிறது. அங்கு விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக்கு அழைத்தது தப்பொலியே. மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையின் தேயிலைத் தோட்டக் கவிதைகளை அறிந்தோர்க்கு அவ்வொலி நன்கு பழக்கமானது. 'பெரட்டு' என்னும் சொல் 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. இலங்கையிலும் மலேசியாவிலும் அது ஒன்றுபோலவே வழங்குவது, இரு நாட்டுத் தோட்ட ஒழுங்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டமைக்குச் சான்றாகும். ஆக, ஊரில் சாவுக்கும் சாமிக்கும் உரியதாயிருந்த தப்பு, தேயிலைத் தோட்டத்தில் துரையின் கடிகாரமாகவும் ஆக்கப்பட்டது. விடியலில் வேலைக்கு விரட்டிய அதே கருவியே திருவிழா இரவில் அருள் வரவழைத்தது. இம்முரணை நம் இலக்கிய ஆய்வுகள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது எம் கருத்து.

கருவியின் இயல்பையும் ஒரு சிறிது கூறுதல் வேண்டும். தப்பு வட்டமான மரச்சட்டத்தில் ஒருபுறம் மட்டும் தோல் இழுத்து ஒட்டப்பட்டது. ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சியும் மறுகையில் குட்டையான தடித்த குச்சியும் கொண்டு முழக்குவர். உறுமி இடை சிறுத்த இருமுகக் கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, விலங்கின் உறுமல் போன்ற ஒலி எழும். மறுமுகத்தை நேர்க்குச்சியால் அடிப்பர். தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும் தன்மையது. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. மழையும் பனிமூட்டமும் மிகுதி. சமவெளியில் வெயிலில் சற்று வைத்தாலே விறைக்கும் தோல், இங்கு நெருப்பை நாடி நிற்கும். தப்புக்காரர்கள் சருகு மூட்டி அனலில் கருவியைக் காட்டித் தட்டிப்பார்ப்பது வெறும் ஆயத்தமன்று; அது இசையின் ஒரு பகுதி. சுருதி கூட்டுதல் என நாகசுவரத்துக்குச் சொல்லும் மதிப்பை இதற்கும் தருவதில் தவறில்லை.

குறிஞ்சி நிலத்துக்குத் தொண்டகப் பறையை உரியதாகக் கூறுவது நம் மரபு. தொல்காப்பியர் கருப்பொருள்களுள் பறையையும் வைத்தார். புறநானூற்று 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் பறையனை நால்வகைக் குடிகளுள் ஒன்றாக எண்ணுகிறார். இத்தகைய பெருமைகளை வகுப்பறையில் சொல்லி மகிழ்கிறோம். எனினும், பிற்காலத்தில் அக்கருவியை முழக்கியோர் ஊர்ப்புறத்தே ஒதுக்கப்பட்டனர் என்பதையும், அவ்வொதுக்கல் கப்பலேறி வந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்வதில்லை. சில தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. சாவுக்குத் தப்படிப்பது இன்னாரின் கடமை என்னும் எழுதாச் சட்டமும் இருந்தது.

தந்தை பெரியார் 1929 இறுதியில் மலாயா வந்தார். 1954இல் மீண்டும் வந்தார். சிங்கப்பூரில் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். இவ்வியக்கம் தோட்டத் தொழிலாளரிடம் கள்ளையும் உயிர்ப்பலியையும் சாதி வழக்கங்களையும் விடுமாறு வலியுறுத்தியது. இழிவாகச் சுமத்தப்பட்ட பறையை அடிக்க மறுப்பதே தமிழகத்தில் ஒரு போராட்ட வடிவமாக இருந்தது. அந்நோக்கில் தப்பு ஓர் அடிமைச் சின்னம். மகன் தப்பெடுக்கக் கூடாது என விரும்பிய தந்தையைக் கலையை அழித்தவர் என நாம் இன்று குறைகூற இயலாது. கலையைக் காக்கும் சுமையை ஒரே சாதியின் தோளில் ஏற்றிவிட்டு, ஏனையோர் அதன் அழகை வியப்பது நேர்மையாகாது.

மாற்றம் வேறொரு வழியில் வந்தது. 1969ஆம் ஆண்டுக்குப் பின் குடியுரிமை பெறாதோர்க்கு வேலை அனுமதி கட்டாயமானது; ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்பினர் என்பர். தோட்டங்கள் துண்டாடப்பட்டமையும் நகர்மயமும் எஞ்சியோரைக் கிள்ளான் பள்ளத்தாக்கு முதலிய பகுதிகளுக்குத் தள்ளின. இவ்வாறு பெயர்ந்த இளைஞர் நகரக் குடியிருப்புகளில் உறுமி மேளக் குழுக்களை அமைத்தனர். ஒரே நிறச் சட்டை, குழுவுக்கொரு பெயர், பயிற்சிக்கு ஒரு மாலைப்பொழுது. பேண்டுக் குழுவின் கூறுகள் பலவும் இங்கு உள்ளன; பித்தளை மட்டும் இல்லை! பிறப்பால் விதிக்கப்பட்ட கடமை, விரும்பிச் சேரும் குழுவாக மாறிற்று. எச்சாதியினரும் உறுமியைத் தோளில் மாட்டத் தொடங்கியது மலேசியத் தமிழ்ச் சமூக வரலாற்றில் சிறிய செய்தியன்று.

இதே காலப்பகுதியில் தமிழகத்தில் நிகழ்ந்தது ஒப்பிடத்தக்கது. திண்டுக்கல்லில் 1990இல் தோன்றிய சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்து, இழிவின் கருவியை விடுதலையின் கருவியாக முழங்கச் செய்தது. அங்கு மாற்றம் கொள்கையாக அறிவிக்கப்பட்டது. இங்கு எவரும் அறிவிக்கவில்லை. ஆதலால்தான் அது வரலாறாக எழுதப்படவும் இல்லை போலும்.

எழுதப்பட்டது வேறு. தைப்பூசம் நெருங்கும்போதெல்லாம் உறுமி மேளம் 'இரைச்சல்' என்றும் ஆகமத்துக்குப் புறம்பானது என்றும் கண்டிக்கப்படுகிறது. திரைப்பாடல் மெட்டுகளைக் காவடிக்கு முழக்குவது பற்றிய குறையில் ஓரளவு நியாயம் உண்டு. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் 1973இல் தடை செய்யப்பட்டன. 2015இல் மேளம் முழக்கியது தொடர்பாக ஒரு மோதல் எழுந்தது. 2016 முதல் தடை படிப்படியாகத் தளர்ந்து, 2019இல் உறுமி போன்ற தாளக் கருவிகளுக்கும் இடம் கிடைத்தது. ஒழுங்கு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆயின் மாரியம்மன் கோயிலிலும் காவடியிலும் தோட்ட மக்கள் கேட்டு வந்த இசையை அம்மக்களின் வழிபாட்டுக்கே அயலானது என்பது வரலாற்றோடு பொருந்தவில்லை.

கேமரன் மலையில் இன்று கொழுந்து பறிப்போருள் வங்காளதேசத்தினரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மிகுதி. கைவிரலால் கிள்ளிய இடத்தில் பெரும்பாலும் இயந்திரக் கத்தி வந்துவிட்டது. தமிழ்க் குடும்பங்கள் குறைந்தாலும் தோட்டக் கோயில்கள் உள்ளன. திருவிழாவுக்கு வெளியூர் சென்ற பிள்ளைகள் திரும்பி வருகின்றனர். தோட்டப்புறக் கோயில்கள் பலவற்றில் மேளமும் இப்போது வெளியூரிலிருந்தே வண்டியில் வருகிறது. அவ்வண்டியில் வரும் கருவிகளுள் பல செயற்கைத் தோல் போர்த்தவை. மலையின் ஈரம் அவற்றைத் தளர்த்துவதில்லை, இறக்கியவுடன் அடிக்கலாம். சருகு பொறுக்கி நெருப்பு மூட்டச் சிறுவர்களை எவரும் அனுப்புவதில்லை.