கடல்நீர் வெண்புள்ளி நோய்

கடல்நீர்த் தொட்டிகளில் வளர்க்கப்படும் மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய்களில் மிகுந்த சேதம் விளைவிப்பவற்றுள் ஒன்று வெண்புள்ளி நோய். ‘கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ்’ என்னும் ஒருசெல் உயிரியே இதற்குக் காரணம். உடல் முழுதும் நுண்ணிழைகள் கொண்ட இவ்வுயிரி மீனின் தோல், துடுப்பு, செவுள் ஆகியவற்றின் மேலடுக்குக்கு அடியில் புகுந்து திசுவைத் தின்று வளர்கிறது. வெப்பக் கடல்களில் பரவலாக இருப்பினும் திறந்த கடலில் இதனால் மீன்கள் கூட்டமாக மடிவது அரிது. மீனைவிட்டு விழுந்த ஒட்டுண்ணியின் வழித்தோன்றல்கள் அங்கே மீண்டும் ஒரு மீனைச் சந்திப்பது தற்செயல். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அத்தற்செயல் உறுதியாகிவிடுகிறது.

நன்னீர் மீன்களின் வெண்புள்ளி நோய் முன்பே அறியப்பட்டது. அதன் ஒட்டுண்ணியான ‘இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ்’ 1876இல் ஃபூக்கே என்பவரால் விவரிக்கப்பட்டது. கடல் மீன்களிலும் இதையொத்த உயிரி உண்டென்று ஜப்பானிய ஆய்வாளர் சிகாமா 1930களின் பிற்பகுதியில் எழுதினார். அக்காலத்தில் கடல்நீர்த் தொட்டி என்பது பெரும்பாலும் பெரிய காட்சியகங்களுக்கே உரியதாக இருந்தது. சென்னை மெரினாவில் 1909இல் திறக்கப்பட்டு, 1942இல் போர்ச்சூழலில் மூடப்பட்ட மீன்காட்சியகம் அவ்வகையில் முன்னோடியானது. இந்த ஒட்டுண்ணிக்கு இன்று வழங்கும் அறிவியல் பெயரும் காட்சியக ஆய்விலிருந்து வந்ததே. லண்டன் விலங்கியல் கழகத்தைச் சார்ந்து பணியாற்றிய ஈ. எம். பிரவுன் 1951இல் அதை இட்டார். சிகாமா 1961இல் ‘இக்தியோஃப்திரியஸ் மரைனஸ்’ என்று வேறொரு பெயர் சூட்டினார். முந்தி வெளியான பெயரே செல்லும் என்னும் விதிப்படி பிரவுன் இட்ட பெயர் நிலைத்தது.

வகைப்பாட்டில் குழப்பம் நெடுநாள் நீடித்தது. வாழ்க்கைச் சுழற்சியும் வெண்புள்ளி அறிகுறியும் ஒத்திருந்ததால் இரு ஒட்டுண்ணிகளும் நெருங்கிய உறவினர் என்றே பாடநூல்கள் எழுதிவந்தன. 1990களில் ரைபோசோம் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வுகள் இதை மறுத்தன. 2002இல் ரைட், கொலோர்னி இருவரும் கடல் ஒட்டுண்ணியைப் புரோஸ்டோமாட்டியா வகுப்பில் தனிக் குடும்பமாக வைத்தனர். ஒரே வகை வாழ்முறைக்குப் பழகியதால் நெருங்கிய உறவில்லாத இரண்டு உயிரிகள் ஒன்றுபோல் ஆனதற்கு இது சிறந்த சான்று. வளர்ப்போருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நன்னீர் மீனுக்குப் பலிக்கும் வெப்பநிலை உயர்த்தும் வைத்தியம் இங்கே பலிப்பதில்லை.

சுழற்சி நான்கு கட்டங்கள் கொண்டது. மீனின் உடலில் 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுத்த ஒட்டுண்ணி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவை எட்டும். உப்புத் தூள் தூவியதுபோல் கண்ணுக்குத் தெரிவது இக்கட்டமே. பின்னர் அது மீனைவிட்டு இறங்கிச் சில மணி நேரம் தரையில் ஊர்ந்து, கல், மணல், கண்ணாடி, வடிகட்டிக் குழாய் என்று கிடைத்த இடத்தில் ஒட்டிக் கூடு கட்டுகிறது. கூட்டுக்குள் அது மீண்டும் மீண்டும் பிளந்து இருநூறு வரை குஞ்சுகளாகும். பெரும்பாலான கூடுகள் 3 முதல் 28 நாளுக்குள் வெடிக்கும். 72 நாள் கழித்து வெடித்தவையும் பதிவாகியுள்ளன. வெளிவரும் நீந்தும் குஞ்சுகளுக்கு ஒன்றிரண்டு நாளே ஆயுள். அதற்குள் மீன் அகப்படாவிட்டால் மடியும். மீனைவிட்டு இறங்குவதும் கூட்டிலிருந்து வெளியேறுவதும் பெரும்பாலும் இருளில் நடக்கின்றன. மீன்கள் அசையாமல் அடித்தளத்தருகே உறங்கும் வேளை அது.

இந்தச் சுழற்சியே வளர்ப்போரை ஏமாற்றுகிறது. புள்ளிகள் தோன்றிய சில நாளில் மீன் பளிச்சென்று ஆகிவிடும்; போட்ட மருந்து வேலை செய்ததாக எண்ணி மகிழ்வார்கள். உண்மையில் ஒட்டுண்ணி மணலுக்கு இறங்கியிருக்கிறது. அடுத்த சுற்றில் பத்துப் புள்ளி இருந்த இடத்தில் நூறு தோன்றும். உணவில் பூண்டுச் சாறு கலப்பது, துப்புரவு இறால் விடுவது போன்றவற்றுக்குக் கிடைத்திருக்கும் நற்பெயர் பெரும்பாலும் இந்த இடைவெளியில் பிறந்ததே. பூண்டு பசியைத் தூண்டக்கூடும், நோயை ஒழிப்பதில்லை.

மீன் கல்லில் உடலை உராய்வது, இரையை மறுப்பது, நீரோட்டத்தின் எதிரே நின்று வேகமாகச் செவுளசைப்பது ஆகியவை முன்னறிகுறிகள். செவுளில் மட்டும் நோய் இருந்தால் புள்ளியே தெரியாமல் மீன் இறந்துவிடும். உறுதி செய்ய நுண்ணோக்கி வேண்டும். செவுளிலிருந்து சுரண்டிய சளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால், கருமையான உருண்டை ஒன்று தன்னைத்தானே மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். அசையாத, பேரிக்காய் வடிவப் பைகள் தென்பட்டால் அது ‘அமைலூடினியம் ஒசெலேட்டம்’ என்னும் வேறு ஒட்டுண்ணி. இதனால் வரும் ‘வெல்வெட்’ நோய் சில நாளிலேயே தொட்டியை வெறுமையாக்கிவிடும். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்தில் வெள்ளி பாம்பனோ தாய்மீன்களை இது தாக்கியிருக்கிறது. 2010இல் கோபியாவையும் 2011இல் வெள்ளி பாம்பனோவையும் இனப்பெருக்கம் செய்துகாட்டிய மையம் அது. தேர்ந்த கைகளுக்கும் இவ்வொட்டுண்ணிகள் அடங்கிவிடுவதில்லை.

சிகிச்சையில் முதல் விதி, எல்லா மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றுவது. புள்ளியில்லாத மீனையும் விட்டுவைக்கக் கூடாது. மூலத் தொட்டி மீனின்றி 76 நாள் ஓட வேண்டும். இறால், நத்தை, கடற்சாமந்தி அதிலேயே இருக்கலாம். மாற்றிய மீன்களுக்கு மூன்று வழிகள் உண்டு. மூன்று நாளுக்கொருமுறை உலர்த்திக் கழுவிய புதுத் தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போவது ஒன்று. இஸ்ரேலின் ஐலாட்டில் கொலோர்னி 1980களில் செய்த ஆய்வுகள் இதற்கு வழிகாட்டின. மருந்தே தேவையில்லை, உழைப்புத்தான் அதிகம்.

இரண்டாவது உப்பளவைக் குறைப்பது. கடல்நீரின் உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். இதை 15 அல்லது அதற்குக் கீழே இறக்கி மூன்று, நான்கு வாரம் வைத்தால் கூடுகள் சிதைகின்றன. 100 லிட்டர் தொட்டியில் 10 லிட்டரை எடுத்து 10 லிட்டர் நன்னீர் ஊற்றுவதை எட்டு முறை செய்தால் 35 என்பது 15க்கு இறங்கும். இதை இரண்டு நாளில் பரப்பிச் செய்யலாம். திரும்ப ஏற்றும்போது மட்டும் ஒரு வாரமாவது எடுத்துக்கொள்ள வேண்டும். அளவை ரிஃப்ராக்டோமீட்டரில் நாள்தோறும் பார்ப்பதும், நீரின் காரத்தன்மை சரியாமல் காப்பதும் இன்றியமையாதவை. தைவானில் குறைந்த உப்பையும் தாங்கும் வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. அமைலூடினியத்துக்கு இம்முறை அறவே உதவாது.

மூன்றாவது தாமிரம். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் தாமிரம் மூன்று வாரம் குறையாமல் இருந்தால் இரண்டு ஒட்டுண்ணிகளும் அழியும். நன்மைக்கும் நஞ்சுக்கும் இடையே இங்கு இடைவெளி மிகக் குறுகியது. 100 லிட்டருக்கு வேண்டியது ஏறத்தாழ 80 மில்லிகிராம் மயில்துத்தம் மட்டுமே. சிட்டிகையால் அளக்கும் பொருளல்ல. புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டங்களுக்குப் போர்டோக் கலவை தயாரிக்க உரக்கடையில் வாங்கும் துத்தத்தைத் தொட்டியில் போடுவது அதன் தூய்மை தெரியாததால் ஆபத்தானது. சோதனைக் கருவி இல்லாதவர் இவ்வழியை நாடக் கூடாது. பவளம், இறால், நத்தை எதுவும் தாமிரத்தைத் தாங்காது. கல்லும் மணலும் அதை உறிஞ்சிப் பின்னர் கசியவிடும்.

நீரின் மூலமும் கவனிக்கத்தக்கது. தென்காசி மாவட்டத்துச் சிவகிரி மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர். அங்கிருந்து தூத்துக்குடிக் கடற்கரை சாலைவழியே 100 கிலோமீட்டருக்கு மேல். இத்தகைய உள்நாட்டு ஊர்களில் ஆர்.ஓ. தண்ணீரில் செயற்கைக் கடலுப்பைக் கலந்தே தொட்டி நிரப்ப முடியும். செலவு கூடினாலும் இதில் பெரிய நன்மை ஒன்றிருக்கிறது. கேனில் பிடித்து வந்த கடல்நீரில் நீந்தும் குஞ்சுகள் இருக்கலாம். உப்பு கலந்த நீரில் இருக்க வழியில்லை. அங்கே நோய் நுழையும் வாசல் புதிதாக வாங்கும் மீன், அதனோடு வரும் பை நீர், ஈர வலை, பிறர் தொட்டிக் கல் ஆகியவை மட்டுமே. பேரூராட்சிக் குழாய்நீரைப் பயன்படுத்துவோர் குளோரினை நீக்கிய பிறகே உப்பைக் கலக்க வேண்டும். தென்தமிழகக் கோடையில் தொட்டி நீர் 30 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டும். வெப்பம் கூடக் கூட உயிர்வளி குறைந்து, செவுள் கெட்ட மீன் விரைவில் மூச்சடங்கும். நோய்க்காலத்தில் மின்வெட்டைத் தாங்கும் பேட்டரி காற்றுக்குழாய் எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல.

நோயிலிருந்து தப்பிய மீனுக்குச் சில மாத காலம் ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கும். ஆயினும் அம்மீன் ஒன்றிரண்டு ஒட்டுண்ணிகளைச் சுமந்து, புதிதாக வரும் மீனுக்குக் கொடுத்துவிடக்கூடும். புதிய மீனை ஆறு வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனிப்பதே நம்பத்தக்க தடுப்புமுறை.

பொரிப்பகங்களில் வளர்த்த கோமாளி மீன் குஞ்சுகள் இப்போது விற்பனைக்குக் கிடைக்கின்றன. கடையில் பிடிமீன்களோடு ஒரே நீரில் இருந்துவிட்டால் அவற்றுக்கும் அதே ஆறு வாரத் தனிமை வேண்டும்.