புனித கத்பர்ட்டும் ஃபார்ன் தீவின் வாத்துகளும்

இயற்கையை நேசித்த கிறிஸ்தவப் புனிதர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருபவர் இத்தாலியின் அசிசி நகரத்துப் பிரான்சிஸ்தான். அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரத்தில் பறவைகளோடும் கடல் விலங்குகளோடும் வாழ்ந்து மறைந்த துறவி ஒருவர் உண்டு. அவரது பெயர் கத்பர்ட். வட இங்கிலாந்து மக்கள் இன்றும் ஐடர் எனும் கடல் வாத்தை 'கடி வாத்து' என்று செல்லமாக அழைக்கிறார்கள். 'கடி' என்பது கத்பர்ட் என்ற பெயரின் சுருக்கமேயன்றி வேறில்லை.

உலகின் முதலாவது பறவைப் பாதுகாப்புச் சட்டத்தை ஏழாம் நூற்றாண்டிலேயே இயற்றியவர் இந்தக் கத்பர்ட் என்று சுற்றுலாக் கையேடுகளும் சஞ்சிகைகளும் எழுதி வருகின்றன. கேட்பதற்கு இனிமையான செய்திதான். ஆனால், அது வரலாறா அல்லது வரலாற்றின் மேல் பின்னாளில் படர்ந்த கொடியா என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

கத்பர்ட் ஏறத்தாழ கி.பி. 634 ஆம் ஆண்டில் நோர்தம்பிரியா அரசில் பிறந்தவர். 635 இல் மன்னன் ஒஸ்வால்ட்டின் அழைப்பின் பேரில் அயோனா தீவிலிருந்து வந்த ஐரிஷ் மரபுத் துறவியான ஏய்டன், லிண்டிஸ்பார்ன் தீவில் ஒரு மடத்தை நிறுவினார். 651 இல் ஏய்டன் இறந்த இரவில், மலைச்சாரலில் ஆடு காத்துக்கொண்டிருந்த இளைஞர் கத்பர்ட், ஓர் ஆன்மா வானோக்கி எடுத்துச் செல்லப்படுவதைக் காட்சியாகக் கண்டார் என்றும், அதன்பின் மெல்ரோஸ் மடத்தில் சேர்ந்தார் என்றும் அவரது வரலாறு கூறுகின்றது. பின்னர் லிண்டிஸ்பார்னில் மடத்தின் பொறுப்பை ஏற்ற அவர், 676 அளவில் எல்லாவற்றையும் துறந்து, ஃபார்ன் தீவுகளில் கரைக்கு அண்மையிலுள்ள உட்தீவில் தனியே குடியேறினார். வானத்தைத் தவிர வேறெதுவும் கண்ணிற் படாதபடி தமது குடிலைச் சுற்றி உயர்ந்த மதிலை எழுப்பிக்கொண்டார். 685 இல் ஆயர் பதவி அவர்மீது சுமத்தப்பட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே அப்பணியை ஆற்றிவிட்டு, மீண்டும் அதே தீவுக்குத் திரும்பி 687 மார்ச் 20 ஆம் திகதி உயிர்நீத்தார்.

அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகள் இரண்டு. ஒன்று, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர் தெரியாத லிண்டிஸ்பார்ன் துறவி ஒருவர் எழுதியது. மற்றையது, 721 அளவில் வரலாற்றறிஞர் பீட் எழுதியது. விலங்குகளும் பறவைகளும் இவ்விரு நூல்களிலும் நிறையவே வருகின்றன.

கோல்டிங்ஹாம் மடத்துக்குச் சென்றிருந்த கத்பர்ட், இரவில் எழுந்து கடலுக்குள் கழுத்தளவு நீரில் நின்று செபித்தார். விடியற்காலையில் அவர் கரையேறி முழந்தாளிட்டபோது, இரண்டு நீர்நாய்கள் பின்தொடர்ந்து வந்து தமது மூச்சினால் அவரது பாதங்களைச் சூடாக்கி, உடல் மயிரினால் துடைத்துவிட்டன என்கிறார் பீட். மற்றொரு பயணத்தில் கழுகொன்று ஆற்றில் பிடித்த மீனை உடன்வந்த சிறுவன் முழுதாகவே எடுத்து வந்துவிட்டான். நமக்காக மீன்பிடித்த அதற்கு அதன் பங்கை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டு, பாதி மீனைக் கழுகுக்குக் கொடுக்கச் செய்தார் கத்பர்ட்.

எனினும், இவை வெறும் கனிவுக் கதைகளல்ல. தீவில் தாம் விதைத்த வாற்கோதுமையைப் பறவைகள் தின்ன வந்தபோது, நீங்கள் விதைக்காததை ஏன் உண்கிறீர்கள் என்று அவர் அவற்றைக் கண்டித்தார். விருந்தினர் கொட்டிலின் கூரைவைக்கோலை இரண்டு அண்டங்காக்கைகள் கூடுகட்டப் பிய்த்தெடுத்தபோது, அவற்றைத் தீவைவிட்டே விரட்டினார். மூன்று நாட்களின் பின் ஒரு காகம் சிறகை விரித்து, தலையைத் தாழ்த்தி மன்னிப்புக் கேட்பது போல் வந்து நின்றது. அனுமதி கிடைத்ததும் துணையையும் அழைத்துக்கொண்டு, ஒரு துண்டு பன்றிக் கொழுப்பைக் காணிக்கையாகக் கொண்டு வந்தது. வருவோர் தமது பாதணிகளுக்குப் பூசிக்கொள்ள அந்தக் கொழுப்பைக் கத்பர்ட் கொடுத்தாராம். படைத்தவருக்குப் பணிபவனுக்குப் படைப்பும் பணியும், நாம் அவரைப் பணியத் தவறியதாலேயே படைப்பின் மீதான உரிமையை இழந்தோம் என்பதே பீட் இக்கதைகளிலிருந்து எடுக்கும் பாடம். இன்றைய சுற்றுச்சூழல் சிந்தனையை அவரிடம் தேடுவோருக்கு இது சற்று ஏமாற்றம் தரலாம். ஆனால் கத்பர்ட்டின் தீவில் பறவைகளுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது, குடியுரிமையும் இருந்தது. துரத்தப்பட்ட காகம் திரும்பிவர இடமுண்டு என்பதுதான் அக்கதையின் உயிர்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. இந்த இரு நூல்களிலும் ஐடர் வாத்தைப் பற்றியோ, எந்தச் சட்டத்தைப் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை.

வாத்துகள் வருவது ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்துத்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த டர்ஹாம் துறவி ரெஜினால்ட், கத்பர்ட் அந்தப் பறவைகளைப் பழக்கி அவற்றுக்கு அடைக்கலம் அளித்தார் என்றும், அவற்றை எவரும் கொல்லவோ குலைக்கவோ கூடாது என்றும் எழுதுகிறார். தீவில் வாழ்ந்த துறவி ஒருவரின் பணியாள், எசமான் இல்லாத வேளையில் ஒரு பறவையைக் கொன்று தின்றுவிட்டு எலும்புகளையும் இறகுகளையும் பாறையிலிருந்து கடலில் எறிந்தான்; அலை அவற்றையெல்லாம் தேவாலய வாசலிலேயே கொண்டுவந்து சேர்த்துக் குற்றத்தை வெளிப்படுத்தியது என்பது அவர் சொல்லும் கதைகளில் ஒன்று.

அந்தப் பறவைக்கு ஏன் இத்தனை காவல்? பெண் ஐடர் மூன்று வாரங்களுக்கும் மேலாக ஏறக்குறைய உணவின்றியே அடைகாக்கும். மனிதர் அருகில் வந்தாலும் கூட்டைவிட்டு இலகுவில் எழாது. கையாலேயே பிடித்துவிடலாம். தன் மார்பிலிருந்து பிடுங்கி அது கூட்டில் பரப்பும் மென்தூவியோ மிகுந்த விலை பெறுவது. இப்படிப்பட்ட ஓர் உயிரை அச்சம் ஒன்றினால் மட்டுமே காப்பாற்ற முடியும். அந்த அச்சத்தைப் புனிதரின் பெயர் கொடுத்தது.

எனவே, ஏழாம் நூற்றாண்டுச் சட்டம் என்பதற்கு அக்காலச் சான்று கிடையாது. பன்னிரண்டாம் நூற்றாண்டு மக்கள் அப்படியொரு தடை இருப்பதாக நம்பினார்கள் என்பதற்குச் சான்று உண்டு. என்னைப் பொறுத்தவரை இரண்டாவது உண்மை முதலாவதற்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல. ஒரு மனிதரின் நினைவு ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் ஒரு பறவையின் கூட்டைக் காத்தது என்பது சிறிய செய்தியா?

அந்த நினைவு பயணம் செய்த பாதையும் கடினமானது. 793 இல் வைக்கிங்குகள் லிண்டிஸ்பார்னைச் சூறையாடினர். தாக்குதல்கள் தொடரவே, 875 இல் துறவிகள் கத்பர்ட்டின் பேழையைச் சுமந்துகொண்டு தீவைவிட்டு வெளியேறினர். பிறந்த மண்ணைவிட்டுப் பெயர்ந்தவர்கள் எதை முதலில் கையிலெடுப்பார்கள் என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல ஆண்டு அலைச்சலுக்குப் பின் 883 இல் செஸ்டர்-லீ-ஸ்ட்ரீட்டிலும், 995 இல் டர்ஹாமிலும் அந்தப் பேழை தங்கியது. அதற்காகவே எழுந்த பேராலயம் இன்றும் நிற்கின்றது. பேழையிலிருந்து 1104 இல் எடுக்கப்பட்ட சிறிய யோவான் நற்செய்திப் பிரதியை 2012 இல் பிரித்தானிய நூலகம் 90 இலட்சம் பவுணுக்கு வாங்கியது. 1827 இல் கல்லறை மீண்டும் திறக்கப்பட்டபோது கிடைத்த பைசாந்தியப் பட்டுத் துணியொன்றில் வாத்துகளும் மீன்களும் நெய்யப்பட்டிருந்தன என்பது வியப்புக்குரிய பொருத்தம்.

பதினாறாம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடங்கள் மூடப்பட்டன. கத்பர்ட்டின் திருத்தலமும் சிதைக்கப்பட்டது. புனிதர் மீதான அச்சம் விலகியதும் பறவைகளுக்கான காவலும் விலகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியக் கரைகளில் கடற்பறவைகளைச் சுடுவது ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. 1869 இல் நாடாளுமன்றம் கடற்பறவைகளைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. 1925 இல் ஃபார்ன் தீவுகள் நெஷனல் ட்ரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தன.

இன்று யாத்திரிகர் மீண்டும் நடக்கிறார்கள். மெல்ரோஸிலிருந்து லிண்டிஸ்பார்ன் வரையான 100 கிலோமீற்றர் நீளக் 'கத்பர்ட் பாதை' 1996 இல் திறக்கப்பட்டது. அதன் இறுதிப் பகுதியில், கடல் வற்றும் நேரம் பார்த்து, நட்டுவைத்த கம்பங்களின் வழியே ஈர மணலில் வெறுங்காலுடன் நடப்போர் உண்டு. பெரிய வெள்ளியன்று மரச்சிலுவைகளைச் சுமந்து இந்த மணலைக் கடப்பவர்களும் இருக்கிறார்கள். வற்றுப்பெருக்கு அட்டவணையை மதிக்காதவர்களைக் கடல் மன்னிப்பதில்லை. 1954 இல் அமைக்கப்பட்ட வாகனப் பாதையிலும் ஆண்டுதோறும் கார்கள் நீரில் அகப்படுகின்றன. இயற்கையின் நேரத்துக்கு மனிதன் காத்திருக்க வேண்டிய யாத்திரை இது.

ஃபார்ன் உட்தீவுக்கு சீஹவுசஸ் துறைமுகத்திலிருந்து படகில் செல்லலாம். 2022 இல் பறவைக் காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் அங்கு மடிந்தன. பார்வையாளர்கள் தீவில் இறங்குவது நிறுத்தப்பட்டது. 2024 வசந்த காலத்திலேயே உட்தீவு மீண்டும் திறக்கப்பட்டது. கத்பர்ட்டின் மீதுள்ள பக்தியினால் அங்கு செல்ல விரும்பியவர்கள், அவர் நேசித்த பறவைகளுக்காக அங்கு செல்லாமல் இருக்க வேண்டியிருந்தது.

தனித்திருக்கவே அத்தீவுக்குச் சென்று மதிலெழுப்பிக்கொண்ட ஒருவருக்கு அந்த இரண்டு ஆண்டு மௌனம் பிடித்திருக்கக்கூடும். பிரித்தானியாவில் வாழும் நம்மவர்கள் அப்பக்கம் செல்ல நேர்ந்தால், கோடையின் தொடக்கத்தில் தலையில் ஒரு தொப்பியோடு செல்லுங்கள். குஞ்சுகளைக் காக்கும் ஆலாப் பறவைகள் யாத்திரிகர் என்றும் பாராமல் தலையில் கொத்தும். பாதையோரத்தில் ஐடர் வாத்து அடைகாத்திருந்தால், சற்று விலகி நடந்தால் போதும்.