சிறிய கணினிப் பெட்டியின் வரலாறு: நீலகிரி மலைச்சூழலை முன்வைத்து

கணினிப் பெட்டி என்பது மேசைக் கணினியின் தாய்ப்பலகை, செயலி, வன்தட்டு, மின்வழங்கி ஆகியவற்றைத் தாங்கும் உறையாகும். கடைவீதியில் இதற்குக் 'கேபினட்' என்று பெயர். வீடுகளில் பெட்டி முழுவதையும் 'சிபியு' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. உண்மையில் சிபியு என்பது உள்ளே இருக்கும் ஒரு சில்லு மட்டுமே.

உறுப்புகளைத் தாங்குவதோடு பெட்டிக்கு வேறு மூன்று வேலைகளும் உண்டு. உள்ளே தோன்றும் வெப்பத்தை அது வெளியேற்ற வேண்டும். ஈரமும் தூசியும் புகாமல் காக்க வேண்டும். மின்சுற்றுகளில் எழும் வானொலி அலைகள் வெளியே கசியாமல் அடைக்க வேண்டும். இவை ஒன்றுக்கொன்று முரணானவை. வெப்பம் போகத் துளையிட்டால் ஈரம் உள்ளே வரும், அலை வெளியே போகும். துளையை அடைத்தால் வெப்பம் தங்கிவிடும். பெட்டி சிறிதாகச் சிறிதாக வெப்பத்தைச் சமாளிப்பது கடினமாகிறது.

மெல்லிய காற்று, நீண்ட மழைக்காலம், மூடுபனி, அருகிலேயே ஒரு பெரும் வானொலித் தொலைநோக்கி ஆகிய அனைத்தும் உள்ள நீலகிரியில் இந்த மூன்று வேலைகளும் ஒருசேரச் சோதனைக்கு உள்ளாகின்றன.

பெட்டி இல்லாமல் வந்த கணினி

1975 ஜனவரியில் அமெரிக்க மின்னணு இதழ் ஒன்றின் அட்டையில் இடம்பெற்ற ஆல்டேர் 8800, உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கணினி. அதற்கு உலோகப் பெட்டி இருந்தது. 1976இல் வெளிவந்த ஆப்பிள் 1 வெறும் மின்சுற்றுப் பலகையாகவே விற்கப்பட்டது. பெட்டி, விசைப்பலகை, மின்மாற்றி ஆகியவற்றை வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 200 பலகைகளே செய்யப்பட்டன. வாங்கியவர்களில் சிலர் மரப்பலகையை அறுத்துத் தாமே பெட்டி செய்தனர். அப்படி மரப்பெட்டியில் அமைந்த ஒன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. தனிநபர் கணினிக்குச் சொந்தமாகப் பெட்டி செய்யும் பழக்கம், ஆலைகளில் பெட்டிகள் பெருமளவில் உருவாவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

1977இல் வந்த ஆப்பிள் 2, ஜெர்ரி மேனாக் வடிவமைத்த நெகிழிப் பெட்டியில் விற்கப்பட்டது. தட்டச்சுப் பொறியைப் போன்ற அதன் தோற்றம், கணினியை ஆய்வகத்திலிருந்து வீட்டு மேசைக்குக் கொண்டுவர உதவியது.

அலைக்கசிவும் உலோக உறையும்

நெகிழி மலிவானது, எடை குறைந்தது. ஆனால் அது வானொலி அலைகளைத் தடுக்காது. கணினியின் சுற்றுகள் நொடிக்குப் பல இலட்சம் முறை மின்னோட்டத்தை நிறுத்தித் தொடங்குகின்றன. அந்த ஒவ்வொரு துடிப்பிலும் சிறிதளவு ஆற்றல் அலையாக வெளியேறுகிறது. 1977இல் வெளிவந்த டிஆர்எஸ்-80 கணினியின் அருகே சாதாரண வானொலிப் பெட்டியை வைத்தால் அதன் இரைச்சல் தெளிவாகக் கேட்கும். சில விளையாட்டு நிரல்கள் இந்த இரைச்சலையே ஒலியாகப் பயன்படுத்திக்கொண்டன.

அண்டை வீட்டுத் தொலைக்காட்சிகளில் இடையூறு ஏற்படும் என்பதால், அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1979இல் கணினிகளுக்கு அலைக்கசிவு வரம்புகளை விதித்தது. அதே ஆண்டில் வந்த அடாரி 400, 800 கணினிகளின் நெகிழிக் கூட்டுக்குள் கனத்த அலுமினிய வார்ப்பு இருந்தது. டிஆர்எஸ்-80 முதல் வகை புதிய வரம்புகளுக்குள் அடங்காததால் 1981 தொடக்கத்தில் அதன் விற்பனை அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசி, எஃகுத் தகட்டுப் பெட்டியில் வந்தது. பிற்காலப் பெட்டிகளின் பின்புறத்தில் காணப்படும் மெல்லிய தகட்டுச் சட்டமும், கதவு விளிம்பில் உள்ள சிறு உலோக நாக்குகளும் அலைக்கசிவைத் தடுக்கவே உள்ளன.

அளவுத் தரங்கள்

ஐபிஎம் பிசியின் பெட்டி ஏறத்தாழ அரை மீட்டர் அகலமானது. அந்நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஏடி கணினியின் பலகை அளவைப் பிற நிறுவனங்களும் பின்பற்றின. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் தரத்தை வெளியிட்டது. தாய்ப்பலகையின் அளவு 305 × 244 மி.மீ. என்றும், திருகுத் துளைகளின் இடம் இன்னது என்றும் அது வரையறுத்தது. இதனால் ஒரு நிறுவனத்தின் பலகையை இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் பொருத்த முடிந்தது. 1997இல் 244 × 244 மி.மீ. அளவுள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் வந்தது.

சிறிய பெட்டிகளின் வரலாற்றில் திருப்பம் 2001இல் நேர்ந்தது. தைவானின் வியா நிறுவனம் 170 × 170 மி.மீ. அளவில் மினி-ஐடிஎக்ஸ் பலகையை அறிமுகப்படுத்தியது. இதன் திருகுத் துளைகள் ஏடிஎக்ஸ் பெட்டிக்கும் பொருந்தும். வியாவின் குறைந்த மின்சாரச் செயலிகள் சிலவற்றுக்கு விசிறியே தேவைப்படவில்லை. ஆர்வலர்கள் பழைய வானொலிப் பெட்டி, பிஸ்கட் டப்பா, ரொட்டி வாட்டும் கருவி போன்றவற்றுக்குள் கணினியைப் பொருத்தத் தொடங்கினர்.

வெப்பத்தின் எல்லை

1981இல் ஐபிஎம் பிசியில் இருந்த 8088 செயலிக்கு வெப்பத் தணிப்பி தேவைப்படவில்லை. 2004ஆம் ஆண்டளவில் பென்டியம் 4 செயலிகள் சில 100 வாட்டுக்கும் மேல் மின்சாரம் உண்டன. ஒரு பழைய குண்டு பல்பின் வெப்பம் தீப்பெட்டி அளவுள்ள இடத்தில் எழுவதற்கு இது ஒப்பாகும்.

விசிறியைத் தவிர்க்கும் முயற்சிகள் இழப்பில் முடிந்ததும் உண்டு. 1980இல் வெளிவந்த ஆப்பிள் 3 விசிறியின்றி அலுமினிய அடிப்பகுதி வழியே வெப்பத்தை வெளியேற்ற முயன்றது. தொடக்கத்தில் விற்ற கணினிகள் பழுதாகி மாற்றித் தரப்பட்டன. 2000இல் வந்த பவர் மேக் ஜி4 கியூப், கீழிருந்து மேலாகக் காற்று தானே எழும் வகையில் அமைந்தது. அதன் உற்பத்தி 2001 ஜூலையில் நிறுத்தப்பட்டது. செயலிகளின் மின்தேவை குறைந்த பின்னரே சிற்றளவு கணினி நிலைபெற்றது. 2005இல் வந்த மேக் மினி 16.5 செ.மீ. பக்கமும் 5 செ.மீ. உயரமும் மட்டுமே கொண்டிருந்தது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் நீண்டகாலம் கணினி இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. 1984 நவம்பரில் வெளியான கணினிக் கொள்கை அவற்றைத் தளர்த்தியது. உதிரிப் பாகங்களை வரவழைத்து உள்ளூரில் பூட்டித் தரும் தொழில் வளர்ந்தது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இதன் தமிழ்நாட்டு மையமானது. வாங்குபவர் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க, கடைக்காரர் அவற்றைக் கேபினட்டில் பூட்டித் தருவார். இவ்வாறு வாங்கியது 'அசெம்பிள்டு' கணினி எனப்பட்டது. ஏடிஎக்ஸ் போன்ற பொதுத்தரம் இல்லாவிட்டால் இத்தொழில் இவ்வளவு பரவியிருக்காது.

பெட்டியைச் சிறிதாக்கும் முயற்சியும் சென்னையில் நடந்தது. 2000களின் நடுப்பகுதியில், அசோக் ஜுன்ஜுன்வாலா, ராஜேஷ் ஜெயின், ரே ஸ்டாட்டா ஆகியோர் நிறுவிய நோவேடியம், நெட்பிசி என்ற சிறு கணினியை உருவாக்கியது. கணக்கீட்டு வேலையைத் தொலைவிலுள்ள வழங்கியிடம் விட்டுவிட்டால், மேசையில் இருக்கும் பெட்டி சிறிதாகவும் மலிவாகவும் இருக்கலாம் என்பது அதன் அடிப்படை.

நீலகிரி: உயரமும் ஈரமும்

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உதகையின் காற்று, சமவெளிக் காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. ஒரு விசிறி ஒரு சுற்றில் தள்ளும் காற்றின் கன அளவு மாறாது. அந்தக் காற்றின் எடை மட்டும் குறைகிறது. ஆகவே அது சுமந்து செல்லும் வெப்பமும் குறைகிறது. ஆனால் உதகையில் காற்றே குளிர்ந்திருப்பதால் இந்த இழப்பு பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது. சுழலும் வன்தட்டில் எழுது முனை காற்றுப் படலத்தின் மேல் மிதப்பதால், அதன் இயக்கத்துக்குப் பொதுவாக 3,000 மீட்டர் அளவில் உயர வரம்பு உண்டு. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் அந்த வரம்புக்கு உட்பட்டதே.

மலையில் உண்மையான சிக்கல் ஈரமே. இயங்கும் கணினியின் உட்புறம் வெதுவெதுப்பாக இருப்பதால் அங்கே நீர் படியாது. இரவில் நிறுத்திய பின் பெட்டி குளிர்கிறது. காலையில் அடுப்பும் ஆட்களும் சூடேற்றிய ஈரக் காற்று அந்தக் குளிர்ந்த தகட்டின் மேல் படும்போது நுண்ணிய நீர்த்துளிகள் படியும். தூசியோடு இந்த ஈரம் சேர்ந்தால் மின்முனைகள் அரிக்கப்படும்.

ஈரத்தைத் தடுக்கும் பெட்டி நீலகிரிக்குப் புதிதன்று. தேயிலை நெடுங்காலம் ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் அனுப்பப்பட்டது. அவற்றின் உட்புறம் அலுமினியத் தாளால் போர்த்தப்பட்டு, விளிம்புகள் தகட்டால் இறுக்கப்பட்டிருக்கும். தேயிலை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஆகவே அதை முழுதாக மூடலாம். கணினியை அப்படி மூட முடியாது. மலையில் சிறிய கணினிப் பெட்டி அமைப்பவர் எதிர்கொள்ளும் முரண் இதுதான்.

முத்தோரை தொலைநோக்கியும் அலை அமைதியும்

உதகைக்கு அருகே முத்தோரையில் உள்ள உதகை வானொலித் தொலைநோக்கி, கோவிந்த் சுவரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தால் கட்டப்பட்டு 1970இல் பணிக்கு வந்தது. இதன் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 சட்டகங்களின் மேல் 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. இவ்விடத்தின் அகலாங்கு ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சாய்ந்த மலைச்சரிவில் வடக்கு தெற்காக அமைந்ததால், இதன் அச்சு புவியின் சுழல் அச்சுக்கு இணையாக உள்ளது. எனவே ஒரே அச்சில் சுழற்றி ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம்.

இத்தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் விண்ணிலிருந்து வரும் மிக நலிந்த அலைகளைக் கேட்கிறது. அருகிலுள்ள கணினியிலிருந்து கசியும் சிறு அலையும் அவற்றைவிடப் பல மடங்கு வலுவானதாக இருக்கக்கூடும். ஆகவேதான் உலகெங்கும் வானொலி ஆய்வகங்கள் தம் கணினிகளையே உலோக அறைகளில் அடைத்து வைக்கின்றன.

பெட்டியின் அளவுக்கும் இதற்கும் தொடர்புண்டு. உலோகத்தில் உள்ள இடுக்கின் நீளம் அலைநீளத்தின் பாதியை நெருங்கும்போது, அந்த இடுக்கு ஓர் அலைபரப்பியைப் போலச் செயல்படும். 326.5 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 92 செ.மீ., அதன் பாதி 46 செ.மீ. பெரிய நெட்டுப் பெட்டியின் பக்கக் கதவு விளிம்பு ஏறத்தாழ இதே நீளமுடையது. சிறிய பெட்டியின் இடுக்குகள் குட்டையானவை. வெப்பத்தைப் பொறுத்தவரை பாதகமான சிற்றளவு, இந்த ஒன்றில் சாதகமாகிறது.

பெட்டியை மாற்றியமைத்தல்

ஆயத்தப் பெட்டியை வெட்டி மாற்றுவோர் இந்த மூன்று வேலைகளையும் மீண்டும் கணக்கிட வேண்டும்.

வெப்பம்: காற்று நுழையும் வழி கீழேயும் வெளியேறும் வழி மேலேயும் இருந்தால், சூடான காற்று இயல்பாக எழுவது விசிறிக்குத் துணையாகும்.

ஈரம்: பெரும்பாலான பெட்டிகள் துத்தநாகப் பூச்சுள்ள எஃகுத் தகட்டால் ஆனவை. வெட்டிய விளிம்பில் பூச்சு இராது. மலைப்பகுதியில் துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். விளிம்பை அரத்தால் தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சு இடுவது அவசியம். வெட்டுவதற்கு முன் தாய்ப்பலகையை வெளியே எடுத்துவிட வேண்டும். ஓர் உலோகத் துகள் போதும், மின்சுற்றைக் குறுக்கிணைக்க.

அலை: காற்று வழிக்கு ஒரு நீண்ட பிளவைவிடப் பல சிறு துளைகள் நல்லவை. அலைநீளத்தின் இருபதில் ஒரு பங்குக்கு உட்பட்ட துளை பொதுவாகப் பாதுகாப்பானது எனக் கொள்ளப்படுகிறது. 1 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அது 1.5 செ.மீ. ஆகும். உள்ளே தெரிவதற்காகத் தகட்டை நீக்கிக் கண்ணாடியோ அக்ரிலிக்கோ பொருத்தினால், அலைக்கு அது திறந்த சன்னலே. மூடிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் வண்ணப்பூச்சு இருந்தால் மின்தொடர்பு அறுபடும் என்பதால், அங்கே உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும்.

இன்றைய நிலை

2012 பிப்ரவரியில் வெளிவந்த ராஸ்பெரி பை, ஆப்பிள் 1 போலவே பெட்டியின்றி விற்கப்பட்டது. மாணவர்கள் அட்டையிலும் மரத்திலும் முப்பரிமாண அச்சிலும் அதற்குப் பெட்டி செய்தனர். அக்காலத்திலேயே இன்டெல் அறிமுகப்படுத்திய நக் வகைக் கணினிகள், உள்ளங்கை அகலமுள்ள பலகையைக் கொண்டிருந்தன. அவற்றில் செயலி பலகையோடு பற்றவைக்கப்பட்டது. நினைவகத்தை மாற்றலாம், செயலியை மாற்ற முடியாது.

இவ்வாறு சிற்றளவு கணினி இரு வழிகளில் பிரிந்துள்ளது. ஒன்று பொதுத்தரத்தைப் பின்பற்றித் திறந்து பழுதுபார்க்க இடம் தருவது. மற்றொன்று அளவுக்காக அந்த வசதியைக் குறைத்துக்கொள்வது. பழுதுபார்க்கும் பெருங்கடைகள் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்க, மலைப்பாதையில் இறங்கிச் செல்ல வேண்டியவர்களுக்கு இந்த வேறுபாடு வெறும் விருப்பத்தைப் பொறுத்ததன்று. திருகைக் கழற்றினால் திறக்கும் பெட்டியில், ஈரத்தால் கெட்ட மின்வழங்கியை வீட்டிலேயே மாற்றிவிடலாம். ஒட்டி மூடிய பெட்டியில், ஒரு சிறு உறுப்புக்காக முழுக் கணினியும் கழிவாகிவிடக்கூடும்.